கருங்காலித் தட்டுகள்

(மலேசியாவின் கம்போங் மேடானில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியமோ திருக்குறளோ தோட்டப்புற வரலாறோ எதிர்பார்த்து வருவது நம் வழக்கம். அழைப்பிதழில் 'அமெரிக்க வாத்தியக்காரர்களின் வேலைநிறுத்தமும் அவர்களின் இசைத்தட்டுகளும்' என்று பார்த்ததும், அச்சுப் பிழையோ என்று சிலர் விசாரித்தார்களாம். பிழை இல்லை. தோட்டப்புற வரலாற்றுக்கும் இதற்கும் ஒட்டுறவு உண்டு என்று நினைக்கிறேன். எப்படி என்று போகப்போகச் சொல்கிறேன்.

1942 ஜூலை 14 முதல் 16 வரை கிளென் மில்லரின் வாத்தியக் குழு சிக்காகோவில் விக்டர் நிறுவனத்துக்காக வரிசையாகப் பாட்டுகளைப் பதிவு செய்தது. அன்றைக்கு அமெரிக்காவில் இந்தக் குழுவுக்கு இருந்த மவுசை இப்போது விளக்குவது கடினம். அதே ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி, 'சாட்டனூகா சூ சூ' என்ற ரயில் பாட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றதற்காக, தங்க வண்ணம் பூசிய தட்டு ஒன்றை விக்டர் நிறுவனம் மில்லருக்குக் கொடுத்தது. தங்க இசைத்தட்டு என்ற வழக்கமே அங்கிருந்துதான் தொடங்கியது. அந்தத் தேதியை நம் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சிங்கப்பூர் விழ இன்னும் ஐந்து நாள்.

ஜூலை 15 அன்று அந்தக் குழு பதிவு செய்த பாட்டுகளில் ஒன்று 'ஜூக் பாக்ஸ் சாட்டர்டே நைட்'. ஐந்து காசு போட்டால் கேட்ட பாட்டை ஒலிக்கச்செய்யும் பெட்டியைச் சுற்றி இளைஞர்கள் சனிக்கிழமை இரவைக் கழிக்கும் குதூகலத்தைச் சொல்லும் பாட்டு. பதினேழே நாளில், ஆகஸ்டு 1-ஆம் தேதி, அமெரிக்க வாத்தியக்காரர்கள் சங்கம் இசைத்தட்டுக்கு வாசிப்பதை நிறுத்தியது. நிறுத்தியதற்கான முதல் காரணங்களில் ஒன்று, அந்தப் பெட்டி. தன் தொழிலைத் தின்றுகொண்டிருந்த இயந்திரத்துக்குப் புகழ்ப்பாட்டு வாசித்து வைத்துவிட்டு ஒரு குழு வேலைநிறுத்தத்துக்குப் போன விந்தை இது.

பிக் பேண்ட் என்றால் என்ன என்று இளையவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டிரம்பெட் நான்கு, டிராம்போன் நான்கு, சாக்சபோன் ஐந்து, பிறகு பியானோ, கித்தார், பெரிய பாஸ் பிடில், டிரம்ஸ் என ஏறக்குறைய பதினாறு பதினேழு பேர். நடனக் கூடத்தில் ஆயிரம் பேர் ஆட இவர்கள் வாசித்தார்கள். பாடகர் உண்டு, ஆனால் அவர் குழுவின் சம்பளக்காரர். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்து, முறை வரும்போது எழுந்து வந்து ஒரு சுற்றுப் பாடிவிட்டுப் போய் உட்காருவார். தட்டில் பெரிய எழுத்தில் வருவது குழுத் தலைவரின் பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவுத் தடையில் தலைகீழானது இந்த வரிசைதான்.

சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ. நடுப்பெயரே சீசர் என்பதால் பத்திரிகைக்காரர்களுக்குக் கேலிச்சித்திரம் வரையும் வேலை மிச்சம். சிக்காகோக்காரர், இளமையில் டிரம்பெட் வாசித்தவர், பெரிய வித்துவான் என்று யாரும் சொன்னதில்லை. கிருமிக்குப் பயந்து, கைகுலுக்க வருபவர்களிடம் சுண்டுவிரலை மட்டும் நீட்டுவாராம். 1937-இல் சிக்காகோ கிளைச் சங்கத்தைக் கொண்டு அந்த ஊரில் மட்டும் பதிவை நிறுத்தி ஒத்திகை பார்த்திருந்தார். 1940-இல் தேசியத் தலைவரானார். 1942 ஜூனில் சங்க மாநாட்டிலேயே அறிவித்துவிட்டார்: ஆகஸ்டு முதல் தட்டுக்கு வாசிப்பு இல்லை.

அவர் தரப்பு நியாயத்தைச் சரியாகச் சொல்லவேண்டும். பேசாப்படக் காலத்தில் அமெரிக்கத் திரையரங்கு ஒவ்வொன்றிலும் வாத்தியக்காரர்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்து வாசித்தார்கள். 1927-க்குப் பிறகு படம் பேசத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கானோர் இரண்டு மூன்று ஆண்டுகளில் தெருவுக்கு வந்தார்கள். நம் பக்கத்திலும் இதே கதைதான். 1931-இல் 'காளிதாஸ்' வந்த பிறகு, திரைக்கு முன்னால் ஆர்மோனியத்தோடும் தபேலாவோடும் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எந்தத் தமிழ் சினிமா வரலாறும் விரிவாக எழுதவில்லை. அதன் பிறகு வானொலி நிலையங்கள் தட்டைச் சுழலவிட்டால் போதும் என்று வாத்தியக் குழுக்களை நிறுத்தின. மதுக்கடைகளிலும் காப்பிக் கடைகளிலும் லட்சக்கணக்கில் ஜூக் பாக்ஸ்கள் வந்தன. தட்டுக்கு வாசித்தவருக்கு அன்றைய கூலி மட்டும் கிடைத்தது. அந்தத் தட்டு பிறகு எத்தனை ஆயிரம் முறை எந்தெந்தக் கடையில் சுழன்றாலும் அவருக்குக் காசு கிடையாது.

பெட்ரில்லோ வாதிட்டது இதுதான்: ஐஸ் கட்டி விற்பவர் குளிர்பதனப் பெட்டியைச் செய்யவில்லை, குதிரைவண்டிக்காரர் மோட்டார் வண்டியைச் செய்யவில்லை, வாத்தியக்காரர் மட்டும்தான் தன்னை வேலையிலிருந்து துரத்தும் பொருளைத் தானே செய்து கொடுக்கிறார். அவர் கேட்டது, தட்டு ஒன்றுக்கு ஒரு சிறு தொகையை நிறுவனம் ஒரு நிதிக்குக் கட்டவேண்டும். அந்த நிதியிலிருந்து வேலையில்லாத வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து மக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தவேண்டும் என்பது.

இப்போது கிள்ளானுக்கு வருகிறேன். ஒட்டுறவு என்று முதலில் சொன்னது இதைத்தான். இதற்கு ஓராண்டு முன்பு, 1941 மார்ச் முதல் மே வரை, கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர்கள் பால் வெட்டுவதை நிறுத்தினார்கள். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியையே எங்களுக்கும் கொடு, துரை வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கச் சொல்லாதே, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள். மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, சுட்டது, உயிர்கள் போயின. இந்த அவையில் பலருக்கு இது பாட்டன் கதை.

பால்மரத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் நிறுவனம் எவ்வளவு நாள் தாங்கும்? கொட்டகையில் இருக்கும் ரப்பர் ஷீட் தீரும்வரை தாங்கும். அதற்குள் வேறு ஆளைக் கொண்டுவந்து வெட்ட வைத்தால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். அப்படி வந்து வெட்டுகிறவனை நாம் கருங்காலி என்போம். ஆனால் விற்றுப்போன ஷீட்டை மறுபடியும் விற்க முடியாது. இசைத்தட்டில் முடியும். அச்சு ஒன்று இருந்தால் பத்தாயிரமும் அடிக்கலாம், பத்து லட்சமும் அடிக்கலாம். மூன்று வருடத்துக்கு முன்பு விலைபோகாத தட்டைப் புதுச் சரக்காகவும் சந்தைக்கு அனுப்பலாம். இந்த வேலைநிறுத்தத்தில் கருங்காலி வெளியிலிருந்து வரவில்லை. வாத்தியக்காரர்கள் தடைக்கு முன்பு தாங்களே வாசித்துவைத்த தட்டுகள்தான் கருங்காலி வேலை பார்த்தன.

ஜூன், ஜூலை மாதங்களில் நிறுவனங்கள் ஓடி ஓடிப் பதிவு செய்தன. பெரும் குழுக்களையெல்லாம் ஸ்டூடியோவுக்கு இழுத்து, கையில் கிடைத்த புதுப் பாட்டுகளையெல்லாம் மெழுகில் ஏற்றின. டாமி டோர்சி குழு ஃபிராங்க் சினாட்ராவைப் பாடவைத்து ஜூலை 1-ஆம் தேதி பதிவு செய்த 'தேர் ஆர் சச் திங்ஸ்' 1943 தொடக்கத்தில் முதலிடத்தில் இருந்தது. பென்னி குட்மன் குழுவுடன் பெகி லீ பாடிய 'ஒய் டோன்ட் யு டூ ரைட்' ஜூலை 27. டியூக் எலிங்டன் ஜூலை 28. எல்லாவற்றையும்விட, கடைசி நாளான ஜூலை 31-ஆம் தேதி ஹாரி ஜேம்ஸ் குழு ஹெலன் ஃபாரஸ்டை வைத்துப் பதிவு செய்த 'ஐ'வ் ஹேர்ட் தட் சாங் பிஃபோர்'. அடுத்த ஆண்டு பதின்மூன்று வாரம் அது பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. இந்தப் பாட்டை முன்பே கேட்டிருக்கிறேனே என்பது பொருள். அடுத்த இரண்டு ஆண்டு அமெரிக்காவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இவை அவசரத்தில் செய்தவைதானே, தரம் குறைந்திருக்குமே என்று கேட்கலாம். என் காதுக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாரி ஜேம்ஸின் அந்தத் தட்டில் டிரம்பெட் அழுகையும் பின்னால் வயலின்களின் மெத்தையும் (அவர் குழுவில் வயலின்கள் உண்டு, மற்றவர்கள் அதைக் கேலி செய்தார்கள்) ஒரு பிசிறில்லாமல் வந்திருக்கின்றன. இவர்கள் வருடத்தில் முந்நூறு நாள் மேடையில் வாசித்தவர்கள். ஒரு தட்டுப் பக்கம் மூன்று நிமிடம். தவறினால் மெழுகைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து வாசிக்கவேண்டும். ஒட்டுப்போட வழியில்லாத காலம். நெருக்கடி அவர்களுக்கு அன்றாடம். கிளென் மில்லர் அதற்குப் பிறகு செப்டம்பர் 27-ஆம் தேதி குழுவைக் கலைத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிஸுக்குப் பறந்த அவரது விமானம் திரும்பவே இல்லை. அந்த மூன்று ஜூலை நாள்களில் பதிவான 'தட் ஓல்ட் பிளாக் மேஜிக்' 1943-இல் முதலிடத்துக்கு வந்தபோது, வாசித்த குழுவே உலகில் இல்லை.

புதிது தீர்ந்த பிறகு நிறுவனங்கள் பழையதைத் தோண்டின. 1939 ஆகஸ்டில் ஹாரி ஜேம்ஸ் குழுவில் இருந்தபோது சினாட்ரா பாடிய 'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்' அப்போது விலைபோகவில்லை. 1943-இல் கொலம்பியா அதையே மறுபடி வெளியிட்டு பத்து லட்சம் விற்றது. இம்முறை லேபிளில் சினாட்ரா பெயர் பெரிதாக, ஹாரி ஜேம்ஸ் பெயர் சின்னதாக. 'காசாபிளாங்கா' படம் வந்து 'ஆஸ் டைம் கோஸ் பை' பாட்டை எல்லாரும் கேட்டார்கள். படத்தில் பாடிய டூலி வில்சன் தட்டில் பாட முடியாது. பின்னால் வாசிக்க ஆளில்லை. பன்னிரண்டு ஆண்டு பழைய, 1931-இல் ரூடி வல்லீ பாடிய தட்டைத் தூசிதட்டி விற்றார்கள். டியூக் எலிங்டனின் 1940-ஆம் ஆண்டு வாத்திய உருப்படி ஒன்றுக்குப் பிறகு வரிகள் எழுதி, புதுப் பெயரும் வைத்தார்கள். பாட்டு பிரபலமானதும் பழைய தட்டையே அந்தப் புதுப்பெயரில் கடைக்கு அனுப்பினார்கள்.

பாடகர்கள் வாத்தியக்காரர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. நிறுவனங்களுக்கு இந்த ஓட்டை போதுமாக இருந்தது. வாத்தியமே இல்லாமல், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேரை 'ஊ... ஆ...' என்று ஹம்மிங் பாடவைத்து, முன்னால் பாடகரைப் பாடவிட்டார்கள். சினாட்ரா கொலம்பியாவுக்குத் தனிப்பாடகராகப் பாடிய முதல் தட்டுகள் 1943 ஜூனில் வந்த இந்த ஹம்மிங் தட்டுகள்தான். டிக் ஹேம்ஸ் பாடிய 'யு'ல் நெவர் நோ' முதலிடத்துக்கே போனது. தனியாகக் கேட்டால் கொஞ்சம் பஜனை மடம் போலிருக்கும். ஆனால் மக்கள் வாங்கினார்கள். ஓரத்து நாற்காலிக்காரர் நடுமேடைக்கு வந்துவிட்டார்.

சங்கத்தின் சட்டதிட்டத்தில் இன்னொரு வேடிக்கை: மௌத் ஆர்கனை அவர்கள் வாத்தியமாகவே கணக்கில் எடுக்கவில்லை, பொம்மை என்று விட்டுவிட்டார்கள். அதனால் மௌத் ஆர்கன்காரர்கள் தடையில்லாமல் வாசித்தார்கள். 1947-இல் ஹார்மோனிகேட்ஸ் என்ற மூவரின் தட்டு நாட்டையே கலக்கிய பிறகுதான் சங்கம் விழித்துக்கொண்டு, சந்தா கட்டு, உறுப்பினராகு என்றது. நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிர்க் கூத்து நடந்துகொண்டிருந்தது. அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்தை வெளியே தள்ளியது. கமகத்தை வளைக்கத் தெரியாத கட்டைகள் என்பது குற்றச்சாட்டு. முப்பது ஆண்டு கழித்து, 1971-இல்தான் அதற்குக் கதவு திறந்தது. நாடகக் கொட்டகையில் ராஜாவாக இருந்த ஆர்மோனியக்காரர் வானொலி நிலைய வாசலில் நின்றார். அங்கே வாத்தியமே இல்லை என்று சொல்லி ஒன்றை உள்ளே விட்டார்கள். இங்கே வாத்தியம்தான், ஆனால் தகுதியில்லை என்று ஒன்றை வெளியே நிறுத்தினார்கள். இரண்டையும் முடிவு செய்தவர்கள் அந்த வாத்தியத்தை வாசிக்காதவர்கள்.

தட்டு பற்றிப் பேசும்போது அரக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தக் காலத் தட்டு பிளாஸ்டிக் அல்ல. சோட்டா நாக்பூர்க் காடுகளில் புரசமரத்திலும் பூவமரத்திலும் பூச்சி கட்டும் அரக்கை ஆதிவாசிகள் சுரண்டியெடுத்து, அது கல்கத்தா வழியாகக் கப்பலேறிப் போய்த் தட்டானது. துரியோதனன் மாளிகை கட்டிய அதே சரக்கு. அரக்குக்கு உலகமே இந்தியாவை நம்பியிருந்தது. சிங்கப்பூரும் ரங்கூனும் விழுந்து வங்காள விரிகுடாவில் கப்பல் போவது ஆபத்தானதும், 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுக்கான அரக்கை எழுபது விழுக்காடு வெட்டியது. பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதியது என்று கடைகள் சொல்லின. உடைத்து அரைத்து மறுபடி தட்டாக்கினார்கள். சங்கம் வாயை மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே போர் பாதித் தொண்டையை நெரித்திருந்தது. நிறுவனங்களும் தடையைக் கண்டு ரொம்பப் பதறாததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எப்படியும் அடிக்கச் சரக்கு இல்லை. இருக்கிற அரக்கில் இருக்கிற பாட்டை விற்றுக்கொண்டால் போதும்.

அரக்கு புறப்பட்ட கல்கத்தாவில் தடை செல்லுபடியாகவில்லை. அங்கே கிராண்ட் ஹோட்டலில் டெடி வெதர்ஃபோர்ட் என்ற கறுப்பின அமெரிக்கப் பியானோ வித்துவான் ஒரு குழு வைத்திருந்தார். ஷாங்காய், பம்பாய் தாஜ், கொழும்பு என்று ஆசியாவிலேயே வாழ்ந்தவர். அவர் குழுவில் கோவாக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், ஜப்பானியருக்குத் தப்பி பர்மாவிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். போர்க்காலத்தில் கல்கத்தாவில் குவிந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஆடுவதற்கு, அப்போதைய அமெரிக்க மெட்டுகளை அங்கேயே கொலம்பியாவுக்குப் பதிவு செய்தார். பர்மாவிலிருந்து கால்நடையாகப் போன தமிழர்களின் கதைகளை நாம் படித்திருக்கிறோம். அதே பாதையில் சாக்சபோன்களும் போயின என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது. 1945 ஏப்ரல் 25 அன்று வெதர்ஃபோர்ட் அந்த ஊரிலேயே காலராவில் இறந்தார். நாற்பத்தொரு வயது.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். டெக்கா நிறுவனம் 1943 செப்டம்பரில் இறங்கிவந்து கையெழுத்துப் போட்டது. முப்பத்தைந்து காசுத் தட்டுக்குக் கால் காசு என்று தொடங்கி விலைக்கேற்ப நிதிக்குக் கட்ட ஒப்புக்கொண்டது. அக்டோபரில் கேப்பிட்டல். விக்டரும் கொலம்பியாவும் பிடிவாதமாக நின்றன. போர்க்காலத் தொழிலாளர் வாரியம் உத்தரவிட்டது, பெட்ரில்லோ கேட்கவில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் 1944 அக்டோபரில் தந்தி அடித்தார். அதற்கும் முடியாது என்றார். கடைசியில் இறங்கியது நிறுவனங்கள்தான். 1944 நவம்பர் 11 அன்று இரண்டும் கையெழுத்திட்டன. கிள்ளானில் சைக்கிளிலிருந்து இறங்கமாட்டேன் என்றவர்களுக்குக் கிடைத்தது குண்டு. அதிபரின் தந்திக்கே இறங்கமாட்டேன் என்றவருக்குக் கிடைத்தது கால் காசு. ஒரே உலகப் போர், ஒரே 'நேச நாடுகள்'. ஆனால் சங்கம் என்ற சொல்லுக்கு இரண்டு விலை.

பெட்ரில்லோவைச் சர்வாதிகாரி என்று மட்டும் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவரைத் தியாகியாக்கவும் முடியாது. அவருடைய சங்கத்தில் பல ஊர்களில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்குத் தனிக் கிளை. அவரது சொந்தச் சிக்காகோவிலேயே அப்படித்தான். தடையால் அதிகம் இழந்ததும் கறுப்பின இளைஞர்கள்தான். 1943-இல் ஏர்ல் ஹைன்ஸின் பெரிய குழுவில் சார்லி பார்க்கரும் டிஸி கில்லஸ்பியும் சேர்ந்து வாசித்து, பின்னால் பீபாப் என்று பெயர்பெற்ற புது இசையை மேடையில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவுக்கு ஒரு தட்டுகூட இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் கார்னெகி மண்டபத்தில் அரங்கேறிய எலிங்டனின் நீண்ட படைப்பு 'பிளாக், பிரவுன் அண்ட் பேஜ்' அந்தச் சூட்டோடு ஸ்டூடியோவுக்குப் போக முடியவில்லை. படைவீரர்களுக்காக அடித்த வி-டிஸ்க் தட்டுகளுக்குச் சங்கம் விலக்கு அளித்ததால் கொஞ்சம் தப்பியது. அந்தத் திட்டம் முடிந்ததும் அவற்றின் அச்சுகளையும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள்.

பெரிய குழுக்களைத் தடைதான் கொன்றது என்பது எளிதான கதை. ஆட்களைப் படைக்கு எடுத்துக்கொண்டது, பெட்ரோல் பங்கீட்டால் குழுவின் பஸ் ஓடாதது, 1944-இல் நடனக் கூடங்கள்மேல் விழுந்த கேளிக்கை வரி, திரும்பி வந்த சிப்பாய் ஆடப் போகாமல் குழந்தைக்குப் பால்புட்டி கழுவியது எல்லாம் சேர்ந்துதான் கொன்றன. 1946 டிசம்பரில் குட்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டோர்சி, வுடி ஹெர்மன் என ஒரே மாதத்தில் பெரும் குழுக்கள் கலைந்தன. ஆனால் லேபிளில் எழுத்தின் அளவு மாறியது தடைக்காலத்தில்தான். அது பிறகு திரும்பவே இல்லை.

1947-இல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், சங்கமே அந்த நிதியை வாங்கிச் செலவிடுவதைச் சட்டவிரோதமாக்கியது. பெட்ரில்லோ மறுபடியும் 1948 ஜனவரி 1 முதல் பதிவு இல்லை என்றார். இம்முறை நிறுவனங்களுக்கு அனுபவம் இருந்தது. 1947-இன் கடைசி மாதங்களில் இரவுபகலாகப் பதிவு நடந்தது. டிசம்பர் 27 அன்று வுடி ஹெர்மனின் புதிய குழு 'ஃபோர் பிரதர்ஸ்' வாசித்தது. நான்கு சாக்சபோன்கள் ஒரே மூச்சில் ஓடும் தட்டு. டிசம்பர் 30 அன்று, தடைக்கு இரண்டே நாள் முன்பு, டிஸி கில்லஸ்பியின் பெரிய குழு 'மாண்டேகா' வாசித்தது.

இந்தத் தட்டில் கொஞ்சம் நிற்கிறேன். கியூபாவிலிருந்து வந்த சானோ போஸோ காங்கோ என்ற கைமேளம் வாசித்தார். இசைக் குறியீடு படிக்கத் தெரியாது. ஆங்கிலமும் அவ்வளவாக வராது. பாஸ் இந்த இடத்தில் நுழையவேண்டும், அதன்மேல் சாக்சபோன், அதன்மேல் டிராம்போன் என்று வாயாலேயே ஒவ்வொரு அடுக்காகப் பாடிக்காட்டினார் என்பார் கில்லஸ்பி. மேளத்தைத் தாளத்துக்குப் பின்னால் வைத்திருந்த ஜாஸ் இசையில், மேளமே முன்னால் நடந்து குழுவை இழுத்துக்கொண்டு போன தட்டு அது. நம் கோயில் திருவிழாவில் உருமி வரும்போது கூட்டம் எப்படி வழிவிடுமோ, டிரம்பெட்டுகள் அப்படி வழிவிடுகின்றன. 1948 முழுவதும் அந்தக் குழு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாசித்தது. ஸ்டூடியோவுக்குள் போக முடியவில்லை. டிசம்பர் 2 அன்று ஹார்லெமில் ஒரு மதுக்கடையில் சானோ போஸோவை ஒருவன் சுட்டுக் கொன்றான். டிசம்பர் 14 அன்று தடை முடிந்தது. 1947-இன் கடைசி நாள்களில் அவசர அவசரமாக இழுத்துப்போட்டு வாசிக்க வைத்திராவிட்டால், விக்டர் ஸ்டூடியோவில் அந்தக் கைகளின் சத்தம் அந்தக் குழுவோடு பதிவாகியிருக்காது. கருங்காலித் தட்டு என்றேன். சேமித்துத் தந்ததும் அதே தட்டுதான். இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த 1948 ஜூனில் நம் நாட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அவசரகாலம் வந்தது, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தை அரசு தடை செய்தது, அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே ஜூனில், 21-ஆம் தேதி, நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனம் நீள இசைத்தட்டை அறிமுகம் செய்தது; ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். புது வாசிப்பு கிடைக்காத வருடத்தில் புது வகைத் தட்டு வந்ததைக் கவனியுங்கள். பழைய பதிவை மறுபடி விற்க இன்னொரு வழி பிறந்துவிட்டது. இரண்டாவது தடையின் முடிவில், சங்கத்துக்கு வெளியே ஒரு பொது அறங்காவலர் பொறுப்பில் நிதி அமைந்தது. அந்த நிதியிலிருந்து பூங்காவிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் சம்பளத்தோடு வாசிப்பது இன்றும் நடக்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு தடை வந்தது. இந்தியாவில் 1952-இல் அமைச்சர் பி. வி. கேஸ்கர் திரைப்பாடலை வானொலியில் சுருக்கியபோது, பலன் கண்டது கொழும்பு. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனன் குரலுக்குத் தமிழ்நாடே காத்திருந்தது. 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி டெல்லி வழிக்கு வந்தது. ஆனால் அது அரசு போட்ட தடை. வாத்தியக்காரன் தானே போட்டது அல்ல. தட்டுக்கு வாசித்தவருக்கு என்ன பங்கு என்ற கேள்வியைத் தமிழில் கேட்டவர் என்றால் எனக்கு எம். பி. சீனிவாசன்தான் நினைவுக்கு வருகிறார். நிமாய் கோஷின் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு 1960-இல் இசையமைத்தவர். மலையாளத்தில் பெரும் பெயர் பெற்றவர். சேர்ந்திசையை மக்களிடம் கொண்டுபோனவர். இசையமைப்பாளர் என்றால் முதலாளி பக்கத்து நாற்காலி. அவர் அதில் உட்காராமல், சென்னைத் திரைப்பட வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டுவதில் முன்னால் நின்றார். ஒரு நாள் கூலிக்கு வயலின் வாசித்துவிட்டுப் போனவருக்கு உரிமை என்று ஒன்று உண்டா என்ற பேச்சை அங்கே எழுப்பியவர்களில் அவர் முக்கியமானவர். 1988-இல் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகளில் கீபோர்டும் கணினியும் வந்து, வயலின் வரிசைகள் மெலிந்தன. முன்பு வாசித்த வயலினின் மாதிரி ஒலியே விசையில் வந்துவிட்டது.

2024 தொடக்கத்தில் 'லால் சலாம்' படப் பாட்டு ஒன்றில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் ஏ. ஆர். ரகுமான் கொண்டுவந்தபோது பலரும் மெய்சிலிர்த்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். குடும்பங்களிடம் அனுமதி பெற்று உரிய சன்மானமும் கொடுத்ததாக அவர் அறிவித்தார். நான் கவனித்தது அந்த அறிவிப்பைத்தான். பணத்தைப் பற்றியும் பேசவேண்டியிருந்தது. ஒருவர் முன்பு பாடிய பாட்டு அவருக்குப் பதிலாக வேலை பார்ப்பது 1942-இன் கதை. முன்பு பாடியது, பாடாத பாட்டையும் பாடுவது இப்போதைய கதை. இனி வேலைநிறுத்தம் செய்தாலும், நிறுத்தவேண்டியது யார்? இறந்தவர்களா?

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு ஸ்டூடியோவரை போகவேண்டாம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கல்யாண விருந்து என்றால் பத்துப் பேர் மெல்லிசைக் குழு வந்த காலத்தை இங்கே இருப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். அக்கார்டியன் ஒருவர், டிரம்பெட் ஒருவர், பாங்கோஸ் ஒருவர். இப்போது ஒரு பாடகர், ஒரு லேப்டாப், டிராக். குழுவுக்குக் கொடுக்கும் பணத்தில் மண்டபத்து அலங்காரம் முடிந்துவிடும் என்கிறார் பெண் வீட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. என் வீட்டுக் கல்யாணத்திலும் டிராக்தான் ஓடியது. ஆனால் அந்த டிராக்கில் டிரம்பெட் வாசித்தவர் யார் என்று கேட்டால் மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அறக்கட்டளைக் குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து சொற்பொழிவாளருக்குக் கொடுக்கும் சன்மானத்தைப் பாதியாக்கி, மீதியில் இந்த வட்டார வாத்தியக்காரர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டுக் கூட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் வாசிக்க வையுங்கள். இந்த ஆண்டிலிருந்தே தொடங்குவதானால் என் உறையைத் திருப்பித் தரத் தயார். செயலாளர் சிரிக்கிறார், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதுவரைக்கும் தட்டுதான். ஒலிபெருக்கித் தம்பியிடம் மூன்று பாட்டுகள் கொடுத்திருக்கிறேன். முதலில் 1942 ஜூலை 15, அடுத்தது ஜூலை 31, கடைசியில் 1947 டிசம்பர் 30. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் சொச்சம். மூன்றாவதில் எடுத்த எடுப்பிலேயே காங்கோ இடிக்கும். முன்வரிசைப் பெரியவர்கள் ஸ்பீக்கரை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். தம்பி, சத்தத்தைக் குறைக்காமல் போடு.